கடற்கரை ஊரில் குடியேறுமுன்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிற தம்பதிகளில் பலர், கலச நீர் தலையில் விழுந்த அன்று மாலையே தரங்கம்பாடிக்கு வந்துவிடுகிறார்கள். பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 1620ல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே புதுப்புடவையோடு உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். "பேசாம இங்கயே ஒரு வீட்டப் பாத்துக்கிட்டு வந்துட்டா என்ன?" என்று அவர் கேட்கிறார். "வரலாம்தான்" என்கிறார் அந்த அம்மாள்.

இந்த ஆசை நல்ல ஆசை. பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டார்கள், நகரத்து அடுக்ககத்தில் லிஃப்ட் பழுதானால் ஒரு நாள் முழுக்க வீட்டுச் சிறை, வாசலில் வாகன இரைச்சல். சிற்றூரில் கடைத்தெருவுக்கு நடந்து போகலாம், வாடகை குறைவு, விடியற்காலையில் நடக்க நீளமான கரை இருக்கிறது. அறுபதைக் கடந்தவர்கள் இப்படி ஒரு ஊரைத் தேடிப் போவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்த அத்தியாயம் முழுவதும் அதைச் சுற்றியே நகரும்.

இருவராகப் போகிறீர்கள். ஒரு நாள் ஒருவர் மட்டும் அங்கே இருப்பார். நம்மிடையே கணவரைவிட மனைவி வயதில் இளையவர். பெண்களின் சராசரி ஆயுளும் சற்றுக் கூடுதல். ஆகவே எஞ்சுபவர் பெரும்பாலும் மனைவி. ஊரைத் தேடுவது, வீட்டைப் பார்ப்பது, புரோக்கரிடம் பேசுவது, ஸ்கூட்டர் ஓட்டுவது எல்லாம் கணவர். ஊரைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அந்த ஊரில் நெடுங்காலம் தனியாக வாழப்போகிறவர் இன்னொருவர் என்று ஆகிவிடக் கூடாது. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு விஷயத்தையும், தனியாக இருக்கப்போகிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஏற்கெனவே தனியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. அவர்கள் தங்களுக்கு இன்னும் பதினைந்து வயது கூட்டிக்கொண்டு பார்த்தால் போதும்.

தரங்கம்பாடியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை மாவட்டத்துப் பேரூராட்சி அது. வடக்கே பரங்கிப்பேட்டை, தெற்கே வேதாரண்யம், இன்னும் தள்ளித் தொண்டி, குலசேகரன்பட்டினம் என்று எந்த ஊரை நினைத்திருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். குளச்சல், முட்டம் பக்கம் போகிறவர்கள் மட்டும் பருவத்தை மாற்றிப் படிக்க வேண்டும். அங்கே கடல் சீறுவது தென்மேற்குப் பருவக்காற்றில், ஆனி ஆடியில்.

முதல் ஆண்டு வாடகைக்கு

தை, மாசியில் ஊர் பார்க்கப் போகாதீர்கள். போனாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் கிழக்குக் கடற்கரையில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். மழை ஓய்ந்து, வெயில் தொடங்காமல், காற்று பதமாக வீசும்.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வீடு எடுங்கள். புரட்டாசிக் கடைசியில் குடிபோங்கள். அடுத்து வருவது ஐப்பசி அடைமழை. துணி காயாது. தலையணை உறையில் பூஞ்சை வாடை வரும். தெருவில் தேங்கிய தண்ணீர் வடிய எத்தனை நாளாகிறது, மின்சாரம் போனால் எப்போது வருகிறது, பால்காரர் வருகிறாரா, மருந்துக்கடை திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் மூச்சிரைப்பும் மூட்டுவலியும் உள்ளவர்களுக்கு உடம்பு என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்.

பிறகு சித்திரை, வைகாசி. கடற்கரையில் வெயில் குறைவு என்று உள்நாட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வெப்பமானி காட்டும் அளவு சற்றுக் குறைவாக இருக்கலாம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. வயதானவர்களுக்குத் தாகமும் மந்தப்பட்டுவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாட்களில், கடற்காற்று கரையேற மதியத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை அனல்தான். நீர்ச்சத்தைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும், விலையும் ஏறும். மீனுக்காகவே கடற்கரைக்குப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போகலாம்.

இந்த ஓராண்டுக்குள் நகரத்து வீட்டை விற்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்கு வரிக் காரணம் ஒன்று உண்டு. வீடு விற்று வந்த மூலதன ஆதாயத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால், விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற நாளிலிருந்து 2 ஆண்டுக்குள்ளோ வேறு வீடு வாங்க வேண்டும். கட்டுவதானால் 3 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைத்தாலும் இந்தக் கெடு நீளாது. முதலில் விற்றவர்களை இந்தக் கெடு துரத்தும். ஊர் பிடித்ததா என்று தெரியுமுன்பே கையில் கிடைத்த வீட்டை வாங்க வைக்கும். நகரத்து வீட்டை வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையில் கடற்கரை ஊர் வாடகையைக் கொடுத்து மிச்சமும் பிடிக்கலாம்.

கிளம்புமுன் அந்த வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தானமாகவோ செட்டில்மெண்டாகவோ எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். கேட்கிற நிலை வராமலே போகலாம்; எழுதி வைப்பதில் பிள்ளைக்கு வருத்தம் வருமென்று கூசாதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு

கடற்கரையிலிருந்து வீடு எத்தனை அடி தூரம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். வீட்டிலிருந்து சி.டி. ஸ்கேன் எத்தனை நிமிடம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போடுமுன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கோளாறு தொடங்கியதைக் கண்டுபிடிப்பது, வண்டி வருவது, போய்ச் சேர்வது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். மாரடைப்பில் இன்னும் அவசரம். ஆகவே வாடகைக்குப் போன முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு முறை அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள்.

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே காரைக்கால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், மேற்கே மயிலாடுதுறை ஏறக்குறைய 30. இரண்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. நாகப்பட்டினத்தில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் கவலை இல்லாத ஊர்தான். ஆனால் வரைபடம் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. ஸ்கேன் எந்திரம் இருந்தாலும் இரவில் இயக்க ஆள் இருக்கிறாரா? இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் அறை எந்த ஊரில் 24 மணி நேரமும் இயங்குகிறது? காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. நந்தலாற்றைத் தாண்டினால் வேறு நிர்வாகம். உங்கள் ஓய்வூதியர் காப்பீடோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ அங்கே செல்லுமா? 108 வண்டி மாநில எல்லை தாண்டி எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்? இதையெல்லாம் மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவிலும் 108 ஓட்டுநரிடமும் நேரில் கேளுங்கள். ஓட்டுநர்கள் சொல்வதுதான் நடைமுறை. "ராத்திரில நெஞ்சுவலின்னா எங்கண்ணே கொண்டுபோவீங்க?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் இருப்பவர், அடிக்கடி மூச்சுத்திணறல் வருபவர் சிற்றூருக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. மாவட்டத் தலைநகரில் வீடு எடுத்துக்கொண்டு, மாலையில் கடற்கரைக்குப் பேருந்தில் போய் வரலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டும் இருப்பவர்களுக்குச் சிற்றூர் சில வகையில் நகரத்தைவிட வசதி. 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பதிவு செய்தவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். செவிலியர் உங்களை முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வது, தனியாக இருக்கப்போகிறவருக்கு மருந்தைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன்: ஆட்டோ. இரவில் போன் செய்தால் எடுக்கிற ஆட்டோக்காரர் இரண்டு பேராவது தெருவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பகலில் காய் வாங்கவும் அவர்களையே கூப்பிடுங்கள், பேரம் பேசாதீர்கள். கணவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தும் நாளில் அந்த வீட்டுக்கு வண்டி அவர்கள்தான்.

உப்புக்காற்றும் வீடும்

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி வீடு பாருங்கள். கடலுக்கு எதிரிலேயே இருந்தால் அலைச்சத்தத்தோடு தூங்கலாம் என்பது உண்மை. அங்கே ஜன்னல் கம்பி, கதவுக் கீல், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டியின் முதுகு என எல்லாவற்றையும் உப்பு தின்னும் என்பதும் உண்மை. ஏ.சி.யின் வெளிப்பெட்டி சில ஆண்டுகளிலேயே பொடிந்துபோகும்; மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஜன்னலுக்கு மரமோ யு.பி.வி.சி.யோ போடுங்கள். எவர்சில்வர் போட்டாலும் 304 ரகம் அந்தக் காற்றில் புள்ளி விழும். 316 என்று கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதல். இந்தப் பராமரிப்பையெல்லாம் தனியாக ஒருவர், எழுபத்தெட்டு வயதில், ஆள் தேடிப் பிடித்துச் செய்ய வேண்டியிருக்கும். அதை நினைத்துத்தான் அரைக் கிலோமீட்டர் என்றேன்.

கான்கிரீட் வீடானால் மேலே பாருங்கள். கூரையில் துருக்கறை கோடு கோடாக இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது என்று பொருள். நீளக் கம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே போங்கள். பொத்துச்சத்தம் கேட்கும் இடத்தில் காரை விட்டிருக்கும். புதிதாய் வெள்ளையடித்த வீட்டில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். பழைய ஓட்டு வீடுகள் குளிர்ச்சியானவை, திண்ணையும் முற்றமும் மனதுக்கு நிறைவு. ஆனால் ஓட்டை அவ்வப்போது பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். பெரும்புயலில் ஓடு பறக்கும்.

தரைமட்டம் ஒரு சிக்கல். வெள்ளத்துக்குப் பயந்தால் வீட்டின் மேடை உயரமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குப் பயந்தால் படி குறைவாக இருக்க வேண்டும். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, உயர்ந்த மேடைக்கு வாசல்படியோடு பக்கவாட்டில் சாய்தளமும் கைப்பிடியும் வைப்பதுதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்; மூன்றடி மேடையென்றால் முப்பத்தாறு அடி. மனை சிறியதானால் திரும்பி வரும்படி வளைத்துக் கட்டலாம். படுக்கையறையும் கழிவறையும் கீழ்த்தளத்தில், கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில், குறைந்தது 90 சென்டிமீட்டர். மாடி கட்டாதீர்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் தங்க என்று கட்டும் மாடி, ஆண்டில் பத்து நாளுக்காக ஆண்டு முழுவதும் பெருக்க வேண்டிய மாடி.

தண்ணீர்

கடலோர மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரலாம். ஆகவே ஆழமாகப் போர் போட்டு வலுவான மோட்டார் வைப்பவர்தான் முதலில் உப்பை இழுக்கிறார். தன் தண்ணீரையும் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் கெடுக்கிறார். ஆழமில்லாத கிணறு, சிறிய மோட்டார், கூரைமழையைக் கிணற்றுக்குள் இறக்கும் குழாய். இதுதான் கடற்கரைக்குச் சரி.

வீடு பார்க்கும்போது கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் செய்யலாம். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்துக்கு உச்ச வரம்பு 2,000. கோடையில் எடுத்த மாதிரியைத்தான் நம்பலாம், மழை முடிந்ததும் எடுத்தால் எல்லாக் கிணறும் தித்திக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குழாய்க் குடிநீரை மட்டுமே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வது நல்லது. உப்புக் கிணற்று நீர் வழியாக உடம்பில் சேரும் சோடியம் கண்ணுக்குத் தெரியாது. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, தெருக்கோடி வீட்டுக்கு வேகம் இருக்கிறதா என்று எதிர் வீட்டம்மாவிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லும் பதிலைவிட அது நம்பகமானது.

மனை யாருடையது

டெல்டா ஊர்களில் வீடு வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சுவரும் கூரையும் விற்பவருடையது, அடிமனை கோயிலுடையது அல்லது மடத்துடையது என்று இருக்கும். தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிக்கொண்டு குடியிருப்பார்கள். அவர்களுக்கு அதில் பிரச்சினை இல்லை. வெளியூரிலிருந்து வந்து முழு விலை கொடுக்கும் உங்களுக்குப் பிரச்சினை. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்க முடியாது; பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் அத்தகைய பத்திரத்தைப் பதிய மறுக்கலாம். "மனை யாரு பேர்ல இருக்கு? அடிமனை வாடகை கட்டுறீங்களா?" என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள்.

பட்டா, தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, புலப்பட நகல், ‘அ’ பதிவேடு எல்லாவற்றையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். கடலோரத்தில் இன்னொன்றும் வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (1991ல் முதலில் வந்தது, 2011லும் 2019லும் மாற்றி வெளியிடப்பட்டது) உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஊரின் வகையைப் பொறுத்து அதில் ஒரு பகுதியில் புதிதாகக் கட்டவே முடியாது. உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று மண்டல வரைபடத்தைப் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். "எல்லாரும்தான் கட்டியிருக்காங்க" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

கரை நிற்பதுமில்லை. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. நிலம் பார்க்கப் போகும் அன்று முதலில் அங்கே போய் நின்று பாருங்கள்.

புயலும் ஆழிப்பேரலையும்

2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலையில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. உங்கள் புதிய தெருவில் உள்ள ஐம்பது வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்தக் காலை நினைவிருக்கும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். சுமத்ரா அருகே நடந்த அந்த நிலநடுக்கத்துக்கும் இங்கே அலை வந்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. எச்சரிக்கத்தான் அமைப்பு இல்லை. 2007லிருந்து ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கடல் திடீரென்று உள்வாங்கினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேற்கே போக வேண்டும். அப்படிப் போக, நடக்கத் தடுமாறும் ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும் என்பதையும் வைத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

புயல் அடிக்கடி வருவது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தபோது தென்னை, மா, மின்கம்பம் என்று எதுவும் நிற்கவில்லை; பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஆகவே புரட்டாசியிலேயே வீட்டை ஒட்டிய தென்னைகளின் மட்டையும் குலையும் வெட்டி இறக்குங்கள். சாய்ந்த மரத்தை எடுத்துவிடுங்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால், மொட்டைமாடிப் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி பறந்துவிடும், மின்சாரம் இல்லாத நாட்களில் அந்தத் தண்ணீரும் உதவும். மூன்று வார மாத்திரை, சில்லறைப் பணம், டார்ச், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. இன்சுலின் போடுபவர்கள் மின்சாரம் இல்லாதபோது எப்படி வைப்பதென்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள குப்பி பொதுவாக 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் அந்தக் குளிர்ச்சி கிடைக்கும்.

புயல் பாதுகாப்பு மையம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. 8, 9, 10 எண் கூண்டு என்றால் பேசாமல் உறவினர் வீட்டுக்கோ தஞ்சாவூர் விடுதிக்கோ ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். வீட்டைக் காவல் காக்க ஒருவர் தங்குவது என்ற பேச்சே வேண்டாம்.

கரை அவர்களுடைய தொழிலிடம்

காலையில் நீங்கள் நடக்கப் போகும் கரையில்தான் படகு ஏற்றி இறக்குகிறார்கள், வலை உலர்த்துகிறார்கள், மீன் ஏலம் போடுகிறார்கள். உலர்த்திய வலையை மிதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று போட்டோ எடுக்காதீர்கள். மீனவர் ஊர்களுக்கு அவர்களுடைய ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. கோயில் திருவிழா, கடலுக்குப் போகாத நாள், துக்கம் எல்லாம் அங்கே முடிவாகும். கடலில் ஒருவர் தவறிவிட்டால் ஊரே தொழிலுக்குப் போகாமல் நிற்கும். அன்றைக்கு நீங்களும் பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், துக்கம் கேட்கப் போங்கள்.

நடுத்தெருவில் வீடு எடுத்தால் அக்கம்பக்கம் வேறு மாதிரி. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் நடக்கிற தூரத்தில் இருக்கும் ஊர் இது. அந்த அம்மாளுக்கு எது வழக்கமோ அங்கே வாரத்துக்கு ஒருமுறையாவது தனியாகப் போய்வரப் பழகட்டும். ‘தனியாக’ என்பதைக் கவனியுங்கள். கணவர் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தால் நட்பு வளராது. பக்கத்து ஊரான பொறையாரின் பேருந்து நிலையத்துக்குப் போய்க் காரைக்கால் வண்டியில் ஏறி, வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவர அவருக்குத் தெரிய வேண்டும். வங்கி அட்டையின் ரகசிய எண், எரிவாயு பதிவு செய்யும் முறை, மின்கட்டணம் கட்டும் செயலி எல்லாமும் அப்படித்தான். கணவர் சமையல் தெரியாதவரானால் அவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது: சோறு வடித்து ஒரு ரசம் வைக்கிற அளவுக்காவது முதல் ஆண்டிலேயே பழக வேண்டும். சிற்றூரில் எட்டு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடை இருக்காது.

முகவரி மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார், குடும்ப அட்டை, வங்கி, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஓய்வூதியர் வாழ்நாள் சான்றைத் தபால்காரரே சிறு கட்டணத்துக்கு வீட்டில் வந்து கைரேகை வைத்து அனுப்பிவிடுவார். வங்கிக்கு அலைய வேண்டாம்.

திரும்பும் வழி

ஓராண்டு முடிந்ததும், வீடு வாங்குவதற்கு முன், இருவரும் உட்கார்ந்து ஒன்றைப் பேச வேண்டும். "நான் இல்லாட்டி நீ இந்த ஊர்ல இருப்பியா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். "அபசகுனமா பேசாதீங்க" என்று பதில் வந்தால், அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள். "இருப்பேன், எதிர்வீட்டுக்காரங்க இருக்காங்க, கோயில் இருக்கு" என்று பதில் வந்தால் வாங்கலாம். "பையன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றால் வாங்காதீர்கள், வாடகையிலேயே தொடருங்கள். அதுவும் நல்ல வாழ்க்கைதான். சிற்றூர் வீடு வாங்க ஒரு மாதம் போதும், விற்க ஆண்டுகள் பிடிக்கும். துக்கத்தில் இருப்பவர் தலையில் அந்த விற்பனையை ஏற்றக் கூடாது.

வாங்கினாலும் திரும்பும் வழியை எழுதி வையுங்கள். எந்த நிலை வந்தால் கிளம்புவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே முடிவு செய்யலாம்: மாத்திரையைத் தானாக எடுக்க மறக்கிற நிலை, இரண்டாம் முறை விழுந்த பிறகு, இரவில் துணைக்கு ஆள் கிடைக்காத நிலை. எங்கே போவது என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளை வீடா, முதியோர் இல்லமா, மயிலாடுதுறையில் வாடகை வீடா? முதியோர் இல்லம் என்றால் இப்போதே ஒன்றிரண்டைப் பார்த்து, முன்பணம் எவ்வளவு, படுக்கையில் விழுந்தவரை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள். அதற்கான தொகையை, இருவர் பெயரிலும் ‘இருவரில் எவரேனும்’ என்ற முறையில் வைப்பு நிதியாகத் தனியே போடுங்கள். அதை வீட்டு மராமத்துக்கு எடுக்காதீர்கள்.

இந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புங்கள். வில்லங்கச் சான்று, காப்பீட்டு அட்டை, மருந்துச் சீட்டு, மின் இணைப்பு எண், இரண்டு ஆட்டோக்காரர்களின் எண் எல்லாவற்றின் நகலும் அதோடு போகட்டும். வீட்டுச் சாவி ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்து வையுங்கள்.